ஆறும் சேர்ந்து அடிக்கும் நேரம்

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்றே அழைத்தார்கள். பல்சக்கரம் வெட்டுவது அவருடைய தொழில். வீட்டின் பின்புறத்தில் பட்டறை. அதில் ஒரு லேத்து, ஒரு மில்லிங் மெஷின், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு நாற்காலி. பெயரை மட்டும் கேள்விப்பட்டு, வீங்கிய கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றவர்களும் உண்டு. "பித்தளைப் பல்லுன்னா இன்னிக்கே வெட்டித் தர்றேன், வாயில இருக்கிற பல்லுன்னா ரெண்டு தெரு தள்ளிப் போங்க" என்று அவர் வழி சொல்லி அனுப்புவார். மகன் உயிரோடு இருந்தவரையில் அந்த வேடிக்கை அவ்வீட்டில் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

மகன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவன் செய்துவைத்த கண்ணாடிப் பெட்டி மட்டும் முன்னறையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் ஆறு பித்தளைச் சக்கரங்கள், ஒன்றன் பல் அடுத்ததன் பல்லோடு பொருந்த, வரிசையாக நின்றன. முதல் சக்கரத்துக்கு நாற்பத்து மூன்று பற்கள். அடுத்தடுத்தவற்றுக்கு நாற்பத்தேழு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று, அறுபத்தேழு. சிறியதொரு மோட்டார் அவற்றை வினாடிக்கு மூன்று பல் வீதம் ஓட்டியது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரே ஒரு பல்லுக்குச் சிவப்பு பூசி, அதன் அருகில் ஒரு முள்ளைப் பதித்திருந்தான் மகன். சிவப்புப் பல் உச்சிக்கு வரும்போதெல்லாம் அந்த முள், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு நாக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும். ஆறு சக்கரங்களுக்கும் ஆறு நாக்குகள். ஆறுக்கும் வெவ்வேறு குரல்.

வாடிக்கையாளர்களுக்கு ஓர் உண்மையை விளக்குவதற்காகச் செய்த பெட்டி அது. சேர்ந்து ஓடும் இரண்டு சக்கரங்களின் பல் எண்ணிக்கைக்குப் பொது வகுத்தி இருந்தால், குறிப்பிட்ட ஒரு பல் குறிப்பிட்ட சில பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒன்றில் உள்ள கீறல் மற்றொன்றைத் தின்றுவிடும். இரண்டும் வெவ்வேறு பகா எண்களாக இருந்துவிட்டால், ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் ஒரு சுற்றுச் சந்தித்த பிறகே முதல் பல்லிடம் திரும்பும். தேய்மானம் சமமாகப் பகிரப்படும்.

"பொது வகுத்தி இருந்தா அதே பல்லு அதே பல்லையே கடிச்சுக்கிட்டுக் கிடக்கும், எங்க வீட்டு மாதிரி" என்பார் பல்லுக்காரர், வந்தவர்களிடம்.

"கடிக்கறது யாரு, கடிபடறது யாருன்னும் சேத்துச் சொல்லிடுங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.

பெட்டியை ஓடவிட்ட அன்று மகன் ஆறு சிவப்புப் பற்களையும் உச்சியில் நிறுத்தி, சுவிட்சைத் தட்டினான். ஆறு நாக்குகளும் ஒரே சமயத்தில் ஒலித்தன. அந்நேரம் பல்லுக்காரர் பின்னால், மில்லிங் மெஷினின் இரைச்சலில் இருந்தார். அருகில் நின்று கேட்டவள் அவருடைய மனைவி மட்டுமே. "ஆறும் மறுபடி இதே மாதிரி சேந்து அடிக்கும்மா, கட்டாயம் அடிக்கும்" என்று அவன் அவளிடம் சொல்லியிருந்தான். எப்போது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த வாரமே, வெட்டி முடித்த சக்கரங்களை வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதற்காக வண்டியில் போனவன், வளைவில் வந்த லாரிக்கு அடியில் போய்விட்டான்.

அதுமுதல் அவள் காத்திருக்கத் தொடங்கினாள்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அன்று. சமைத்தாள், துவைத்தாள், கூட்டினாள். காதை மட்டும் முன்னறையில் வைத்திருந்தாள். நாக்குகள் தனித்தனியாக அடிப்பதும், இரண்டு சேர்ந்து அடிப்பதும் ஓயாமல் நடந்துகொண்டிருந்தன. அவற்றை அவள் பொருட்படுத்துவதில்லை. மூன்று சேர்ந்து அடிப்பது முக்கால் மணிக்கு ஒரு தடவையாவது நிகழும். அப்போது கை வேலையை நிறுத்தாமலே "மூணு" என்பாள். நான்கு சேர்வது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. அதற்கு எழுந்து முன்னறைக்கே வந்துவிடுவாள். தூக்கத்திலும் விழிப்பாள். வீட்டை விட்டு வெளியே போவதை நிறுத்திவிட்டாள். காய்கறி வாங்குவதும், மருந்துக் கடைக்குப் போவதும், உறவினர் வீட்டு நன்மை தீமைகளுக்குத் தலைகாட்டுவதும் பல்லுக்காரரின் பொறுப்பாயின. மின்சாரம் போனாலும் பெட்டி நிற்கக் கூடாது என்று பேட்டரி ஒன்றை வைக்கச் சொன்னாள். வைத்தார்.

ஆறும் எப்போது சேரும் என்பது பல்லுக்காரருக்குத் தெரியும்.

மகன் போன முதல் மாதத்திலேயே, பட்டறையின் இரும்பு மேசைமேல் சாக்கட்டியால் பெருக்கிப் பார்த்துவிட்டு அழித்துவிட்டார். ஆறு பகா எண்களின் மீச்சிறு பொது மடங்கு அவற்றின் பெருக்கற்பலனே ஆகும், குறுக்குவழி கிடையாது. இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பத்திரண்டு கோடியே எண்பத்து நான்கு இலட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து இருபத்தொன்பது. அத்தனை பற்கள் கடந்தால்தான் ஆறு சிவப்புகளும் மீண்டும் ஒன்றாக உச்சியில் நிற்கும். இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது நீக்கிச் சரிபார்த்தார், சரியாகவே இருந்தது. வினாடிக்கு மூன்று பல் என்று வகுத்தால் இருநூற்று எழுபத்திரண்டு ஆண்டுகளும் சொச்சமும்.

அந்த எண் அவருக்கு நாளடைவில் அடுத்த வீட்டு மனிதரைப் போலப் பழகிவிட்டது. அது ஒற்றைப்படை எண். ஒன்றைத் தவிர எந்த வர்க்கமும் அதை வகுக்காது. அதற்கு வகுத்திகள் சரியாக அறுபத்து நான்கு. அவற்றுள் ஒன்று என்னும் வகுத்தி, நாக்கைத் தொடாமல் கடந்துபோகும் வெறும் பல். அதற்குக் குரல் இல்லை. ஆறு வகுத்திகள் தனித்தனிச் சக்கரங்கள். பதினைந்து வகுத்திகள் இரண்டிரண்டாக அடிப்பவை; இருபது மும்மூன்றாக; பதினைந்து நான்கு நான்காக; ஆறு ஐந்தைந்தாக. கடைசியாக நிற்பது அந்த எண்ணே. மனைவி அடுப்பங்கரையிலிருந்து "மூணு" என்று சொல்லும்போதெல்லாம், இருபதில் எந்த வகுத்தி அது என்று அவர் மனத்துக்குள் பார்த்துக்கொள்வார். தான் கேட்பது ஒரே எண்ணின் வகுத்திகளை என்பது அவளுக்குத் தெரியாது. மூன்று அன்றாடம் வருகிறது, நான்கு வாரத்தில் மூன்று தடவை வருகிறது, ஆகவே ஆறும் வழியில்தான் இருக்கிறது என்று அவள் நம்பினாள். சிறிய வகுத்திகளெல்லாம் ஒன்றுகூடி, பெரிய எண் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது என்று அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தன.

சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தார். சொன்னால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டார்.

சென்ற மாதம் ஐந்து சேர்ந்து அடித்தது.

அவர் அப்போது முன்னறையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். அறுபத்தேழு மட்டும் ஏழு வினாடி கழித்துத் தனியாகத் தட்டியது.

"அஞ்சுங்க! அஞ்சு! கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அறுபத்தேழு ஒண்ணுதாங்க பிந்திடுச்சு. எண்ணி ஏழு செகண்டு. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தா ஆறும் விழுந்திருக்கும்!"

நான்காண்டுகளாகக் காணாத ஒளி அவள் முகத்தில் தெரிந்தது. "ஆமா, கொஞ்சத்துல தவறிப்போச்சு" என்றார் அவர். உள்ளபடியே, அறுபத்தேழாம் சக்கரம் இருபத்திரண்டு பல் பின்தங்கியிருந்தது. அந்த இருபத்திரண்டு பல் இடைவெளி அடைபடுவதற்கு இன்னும் இருநூற்று அறுபத்தெட்டு ஆண்டுகளுக்குமேல் ஆகும் என்பதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

இந்நிலையில்தான் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

மகள் ஒரு பகல் பயணத் தொலைவில், கணவனோடு இருந்தாள். நிறைமாதம். இதற்கு முன் ஒரு குழந்தை பிறந்து, ஒரு நாள்கூடத் தங்காமல் போய்விட்டது. அப்போது தாய் வரவில்லை. "நாலு அடிச்சுக்கிட்டிருக்குடி, இப்ப எப்படி விட்டுட்டு வர்றது?" என்று தொலைபேசியில் சொன்னாள். மகள் உடனே தொலைபேசியை வைத்துவிட்டாள். இப்போது அவள் அழைத்தது தந்தையை.

"அப்பா, டாக்டர் அடுத்த வாரம்னு தேதி குடுத்துட்டாங்க. அம்மாவ நீங்க கூட்டிட்டு வரணும்."

"சொல்றேன்மா."

"சொல்றேன்னு சொல்லாதீங்கப்பா, போன தடவையும் அதத்தான் சொன்னீங்க. அவன் செத்துட்டான். நான் இன்னும் சாகல. எனக்குப் பயமா இருக்குப்பா. அம்மா பக்கத்துல இல்லாம நான் அந்த ரூமுக்குள்ள போக மாட்டேன்."

"மாப்பிள்ளை இருக்காரே..."

"உங்க மாப்பிள்ளை ஊசியப் பாத்தாலே மயக்கம் போட்டு விழுவாரு. அப்புறம் அவர யாரு தூக்கறது?" சிரிக்க முயன்றாள், அது அழுகையாக மாறியது. "இந்தத் தடவையும் வரலைன்னா, எனக்கு அம்மா இல்லைன்னே வச்சுக்கறேன். இதையும் சொல்லிடுங்க."

அவர் சொன்னார். மனைவி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துணி நின்றது, மறுபடி ஓடியது.

"அஞ்சு வந்து இன்னும் ஒரு மாசம் முடியல. இப்பப் போய் என்னக் கூப்பிடறாளே."

"போயிட்டு வர்ற வரைக்கும் நிறுத்தி வச்சுடலாம். சக்கரம் நின்ன இடத்துலயே நிக்கும். ஒரு பல்லு கூடக் கூடாது, குறையாது. நான் சொல்றேன்ல."

"அது அவன் தட்டிவிட்ட ஓட்டம்" என்றாள் அவள். "அன்னிலேருந்து ஒரு தடவகூட நிக்கல. நிறுத்தினா, மறுபடி ஓட விடறது உங்க கையாத்தான் இருக்கும். அவன் கையா இருக்காது."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"சரி, போன வச்சுப் பதிவு பண்ணிட்டுப் போவோம். வந்து கேட்டுக்கலாம்."

"நடந்து முடிஞ்சதக் கேட்டு என்னங்க பண்றது?" அவள் குரல் தாழ்ந்தது. "அவகிட்ட நீங்களே சொல்லுங்க. அவ நல்ல பொண்ணு. புரிஞ்சுப்பா."

பல்லுக்காரர் பட்டறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு வழி உண்டா என்று யோசித்தார். அறுபத்தேழுக்குப் பதிலாக அறுபத்தாறு வெட்டினால்? மற்ற ஐந்தும் பகா எண்கள். அறுபத்தாறோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எண் நான்காண்டு குறையுமேயொழிய வேறு பயனில்லை. ஆறு சக்கரங்களையும் பொது வகுத்தியுள்ளவையாக மாற்றி வெட்டினால் ஒரே நாளில் சேரவைக்கலாம். ஆனால் அதற்குப் பெட்டியை நிறுத்தியாக வேண்டும். வாழ்நாளெல்லாம் பொது வகுத்தி இல்லாமல் வெட்டிக் கொடுத்ததைப் பெருமையாகப் பேசியவர், மகன் ஒரேயொரு இடத்திலாவது கணக்குத் தவறியிருக்கக் கூடாதா என்று அன்று ஏங்கினார்.

பிறகு எழுந்து, எஃகுத் தகட்டிலிருந்து ஆறு நாக்குகளை வெட்டி, பிடிகருவியில் வரிசையாக இறுக்கினார். இரும்பு ஸ்கேலை அவற்றுக்கு அடியில் கொடுத்து, ஆறையும் ஒன்றாகத் தூக்கி, ஒன்றாக விட்டார். முதலில் படபடவென்று சிதறி ஒலித்தது. ஸ்கேலின் விளிம்பை அரம் கொண்டு சீவினார். பிற்பகல் முழுவதும் பழகினார். மில்லிமீட்டரை நூறாகப் பகுத்து அளந்த கைக்கு அது பெரிய காரியம் இல்லை.

மறுநாள் காலை, அவள் சமையலறைக் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாடிப் பெட்டியின் மேல்மூடியைத் திறந்தார். ஸ்கேலை உள்ளே செலுத்தி, ஆறு நாக்குகளையும் தூக்கி விட்டார்.

சுத்தமாக ஒலித்தது. ஒரே அடி, ஆறு குரல்.

மூடியை மூடி, ஸ்கேலைச் சட்டைக்குள் முதுகுப்புறம் செருகிக்கொண்டார். அதற்குள் அவள் வாசற்படியில் வந்து நின்றாள். கையிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டியது.

"ஆறுங்களா?"

"ஆறு" என்றார். "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எல்லாச் சிவப்பும் மேல நின்னுச்சு."

அவள் பெட்டியைப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள், பெட்டியின் முன் விழுந்து கும்பிடுவாள் என்றெல்லாம் அவர் எதிர்பார்த்திருந்தார். அவளோ தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு, வேறு யாரோ பேசுவதைக் கேட்பவள்போல் நின்றாள். நாக்குகள் வழக்கம்போல் ஒவ்வொன்றாகத் தட்டின. பின்பு அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. நாளைக்குக் கிளம்பிடலாம்."

அவர் உள்ளம் லேசாயிற்று. பொய்தான், ஆயினும் ஒரு பெண்ணுக்கு அம்மா கிடைத்துவிட்டாள் அல்லவா? மகள் தொலைபேசியில் குழந்தையைப்போல் கூவினாள். மனைவி பழைய புடவைகளைக் கிழித்துச் சின்னஞ்சிறு துணிகளாக மடித்தாள். அன்று அவள் ஒருமுறைகூட "மூணு" என்று சொல்லவில்லை. அதையும் அவர் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வாடகைக் கார் வந்து வாசலில் நின்றது. துணிப்பைகளை ஏற்றியாயிற்று. அவள் பின்னிருக்கையில் அமர்ந்துகொண்டாள்.

"போய் நிறுத்திட்டு வாங்க" என்றாள். "பூட்டின வீட்டுக்குள்ள எதுக்கு ஓடணும்?"

"நானா?"

"பின்ன, டிரைவரா?"

அவர் உள்ளே போனார். சுவிட்ச், கண்ணாடிப் பெட்டியின் வலப்பக்கத்தில், கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. விரலை அதன்மேல் வைத்தார். சக்கரங்கள் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. நான்காண்டுகளாக அவரே எண்ணெய் விட்டவை. விரல் அழுந்த மறுத்தது. எண்ணெய்க் குப்பியை எடுத்து, தேவையே இல்லாத இடங்களில் இரண்டு சொட்டு விட்டார். திரும்பி வந்துவிட்டார்.

"நிறுத்தியாச்சா?"

"எண்ணெய் மட்டும் போட்டேன். அது பாட்டுக்கு ஓடட்டுமே."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "ஐயா, அப்படியே என் வண்டியோட கியருக்கும் ரெண்டு சொட்டு விட்டுட்டு வாங்களேன். மூணாவதுல அழுவுது."

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "கொஞ்சம் உள்ள வாங்க" என்று சொல்லி முன்னே நடந்தாள். முன்னறையில், பெட்டியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"முந்தாநாள் பட்டறையில சாயங்காலம் வரைக்கும் பழகினீங்களே, அது எதால? ஸ்கேலா?"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அதுவும் கேட்டுச்சா?"

"எனக்குக் கேக்காதது இந்த வீட்டுல எதுங்க? அங்க என்னவோ புது வேலைன்னு நினைச்சேன். நேத்துதான் புரிஞ்சுது. சத்தம் நல்லாத்தான் விழுந்துச்சு. ஆனா நீங்க அடிச்சு மூடுறதுக்குள்ள அம்பத்திமூணு வந்துடுச்சு."

"அதனால?"

"ஆறும் சேந்து அடிச்சா, அப்புறம் பதினாலு செகண்டு ஒண்ணுமே கேக்கக் கூடாது. நாப்பத்திமூணுதானே சின்னது. அது ஒரு முழுச் சுத்து வந்தாத்தான் முதல் சத்தம். அதுவரைக்கும் வீடே நிசப்தமா இருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்க வேண்டும். ஒரு சிறு வகுத்தல் கணக்கு. அந்த எண் வரையில் ஒவ்வொரு படியையும் எண்ணிப் பார்த்தவர், அதற்கு அடுத்த பல் கடக்கும்போது என்ன கேட்கும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. மகன் பெட்டியை ஓடவிட்ட அன்று ஆறும் அடித்தபோது அவர் காதில் இருந்தது மில்லிங் மெஷினின் இரைச்சல்.

"அன்னிக்கு ஆறும் அடிச்சு முடிச்சதும் அவன் சொன்னான்: 'அம்மா, இந்தப் பதினாலு செகண்டு நம்மளுது. எதாவது பேசு, இல்லைன்னா நாப்பத்திமூணு வந்துடும்'னான். எனக்கு ஒண்ணும் தோணல. அவனுக்கும் தோணல. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுச் சிரிச்சோம். அவ்வளவுதான்." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "இப்ப சொல்றதுக்கு நிறைய இருக்குங்க. பதினாலு செகண்டுக்குள்ள அடங்கணுமேன்னு தினம் தினம் சுருக்கிச் சுருக்கி வச்சிருக்கேன். அஞ்சு அடிச்சப்ப ஏழு செகண்டு கிடைச்சுது. ஓடி வந்து மனசுக்குள்ள ஆரம்பிச்சேன். பாதி சொல்றதுக்குள்ள அறுபத்தேழு வந்து குறுக்க அடிச்சுடுச்சு."

ஆறாவது சக்கரத்தின் நாக்கு அப்போதும் ஒருமுறை தட்டியது.

"பொய்யின்னு தெரிஞ்சும் ஏன் கிளம்பின?" என்று கேட்டார் அவர்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. அரை நூல் பிசகினாக்கூடச் சக்கரத்தத் தூக்கிப் போட்டுட்டு வேற வெட்டுற ஆளு. அப்படிப்பட்ட ஆளே ஸ்கேலை எடுத்துக்கிட்டு நிக்கிறீங்கன்னா, அது என் ஆயுசுக்குள்ள வராதுன்னுதானே அர்த்தம்? அத நேத்து நீங்க வாயத் திறந்து சொல்லல. அவ்வளவுதான் வித்தியாசம்." அவள் முதன்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். "எத்தனை வருஷம்?"

"எதுக்கு இப்ப..."

"சொல்லுங்க."

"மொத்தம் இருநூத்தி எழுபத்திரண்டு. நாலு போயிடுச்சு."

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தார். கணக்கில்லை.

"பாவிப் பய" என்றாள். "கட்டாயம் அடிக்கும்மான்னு சொன்னானே."

"கட்டாயம் அடிக்கும். அதுல அவன் பொய் சொல்லல."

"இல்லங்க. பொய் சொல்லல."

பல்லுக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மகனைத் தூக்கிப் போன அன்றும் அழாதவர். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய தோள்கள் இப்போது குலுங்கின. "உன்ன ஏமாத்தணும்னு இல்லம்மா" என்றார். "எனக்கு... எனக்கு அந்த எண்ணு அவ்வளவு பெரிசா இருந்தது ஒரு தைரியமா இருந்துச்சு. நாம போனாலும் இது ஓடும். நம்ம பொண்ணோட பேரன் பேத்திங்க காலத்துலயும் ஓடும். அவன் தொடங்கி வச்சது முடியவே முடியாதுன்னு... நீ காத்துக்கிட்டு இருந்த. நான் முடியக் கூடாதுன்னு இருந்தேன். அதான் என் கை நிறுத்த மாட்டேங்குது."

அவள் அவருடைய சட்டையின் காலரைச் சரிசெய்தாள். வேறு எதுவும் செய்யத் தெரியாதவள்போல் மறுபடியும் சரிசெய்தாள்.

"கேக்க ஆளில்லாம அது எதுக்குங்க ஓடணும்?" என்றாள் மெதுவாக. "போய் வண்டியில உக்காருங்க. நான் வர்றேன்."

அவர் போய் உட்கார்ந்தார். தெரு அமைதியாக இருந்தது. சன்னல் வழியே நாக்குகளின் ஒலி தெளிவாகக் கேட்டது. நாற்பத்து மூன்று தட்டியது. அறுபத்தொன்று தட்டியது. நாற்பத்தேழும் ஐம்பத்தொன்பதும் சேர்ந்து தட்டின. அடுத்து வரவேண்டியது ஐம்பத்து மூன்று. அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார், அது வரவில்லை.

"அம்மா எதையாவது மறந்துட்டாங்களா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"இல்ல. பேசிட்டு வருவாங்க."

"வீட்டுல வேற ஆளு இருக்காங்களா?"

பல்லுக்காரர் வீட்டுச் சன்னலைப் பார்த்தார். இனி எந்தச் சக்கரமும் குறுக்கே வந்து தட்டாது. பதினாலு வினாடி என்ன, எவ்வளவு வேண்டுமானாலும் அவள் பேசலாம். சுருக்கியதையெல்லாம் விரித்தே சொல்லலாம். சொல்லி முடித்துவிட்டு வரட்டும் என்று அவர் சாய்ந்து உட்கார்ந்தார். சாய்வதற்குள் கதவு திறந்தது. அவள் பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து ஏறினாள்.

"சொல்லிட்டியா?" என்று அவர் கேட்டார்.

"ஆரம்பிச்சேன்." அவள் கதவைச் சாத்தினாள். "அங்க யாரும் இல்லைங்க."

வண்டி நகர்ந்தது. ஓட்டுநர் மூன்றாவது கியருக்கு மாற்றும்போது பற்கள் ஒன்றோடொன்று உரசி அலறின. பல்லுக்காரர் காதில் அது விழவே இல்லை. அவர் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டிருந்தார். அவள் தன் மற்றொரு கையால் மகளுக்குத் தொலைபேசியில் எண்களை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு, "கிளம்பிட்டோம்டி" என்றாள். "பயப்படாத. நான் வந்துக்கிட்டிருக்கேன். உள்ள உன்கூடவே நிப்பேன்." பின்பு, மறுமுனையில் மகள் அழுவதை, அது ஓயும்வரையில், குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.